பிரித்துக் கட்டிய கப்பல்

அவர் வந்து போன வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எப்போதும் சாம்பல் இருக்கும். டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால் அதில் இரண்டு விரல் தடம் நிற்கும். கதவிலும், ஜன்னல் கம்பியிலும், என் மகளின் கன்னத்திலும் அதே தடம்தான். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருவில் அந்தத் தடம் இல்லாத வீடு இல்லை.

தெருவில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதி, யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டால், எங்கேயோ ஒரு வரி கோணலாக இருக்கிறது என்று முழுவதையும் பிரித்து எழுதச் சொல்வார். நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு முறை எழுதுவதே எனக்குப் பெரிது.

அவர் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நெடுக்காக ஓடும் நூல்களைத்தான் பாவு என்கிறோம். ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவைத் தறிக்குப் பின்னால் ஏற்றுவோம். பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் ஒவ்வொரு நுனியையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமல் இருக்கத்தான் சாம்பல். வலது ஓரத்தில் ஆரம்பித்தால் ஒன்றைக்கூடத் தாண்டாமல் இடது ஓரம் வரை போக வேண்டும். நடுவில் ஓர் இழை இடம் மாறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாறிப்போகும்.

அப்படி மாறிவிட்டது தெரிந்தால் மற்றவர்கள் அந்த இழையை மட்டும் இழுத்து எப்படியாவது சமாளித்துவிட்டு மேலே போவார்கள். துணியில் மெல்லிய கோடு ஒன்று விழும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது படாது. அவர் அப்படிச் செய்ய மாட்டார். கையை ஒரு முறை உதறிக்கொண்டு, "பிரிச்சிடலாம்" என்பார். கோபமோ சலிப்போ இருக்காது. வா, சாப்பிடலாம் என்று சொல்வது போலச் சொல்வார். பிறகு இருநூறோ முந்நூறோ, சேர்த்த இழைகளை எல்லாம் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே தப்பு நடந்த இடத்துக்குப் போய்ச் சேர்வார்.

தறியோடு இது நின்றிருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு முறை திருப்பதியில் அவருடைய தங்கை பேத்திக்குக் காதுகுத்து. புத்தூரில் பஸ் மாறும்போது தப்பான பஸ்ஸில் ஏறி, பிச்சாட்டூரில் போய் இறங்கிவிட்டார். அங்கிருந்தே திருப்பதிக்கு பஸ் இருக்கிறது, அரை மணியில் வரும் என்று கண்டக்டர் தெலுங்கில் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. திரும்பிப் புத்தூருக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் நகரிக்கே வந்துவிட்டார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மறுபடி கிளம்பினார். அதற்குள் காதுகுத்து முடிந்து பந்தலைக்கூட எடுத்துவிட்டார்கள். புத்தூரிலிருந்தே திருப்பதிக்குப் போயிருக்கலாமே அக்கா என்று என் மனைவி கேட்டாள்.

"நகரி பஸ் ஸ்டாண்டுல நின்னப்பவே வேற இன்னாவோ யோசிச்சிகினு இருந்தேன்மா. தப்பு அங்க தான ஆரம்பிச்சிச்சி" என்றார்.

சண்டையும் அப்படித்தான். ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டு அம்மாவோடு பெரிய வாக்குவாதம். மறுநாள் காலையில் அதே குடத்தோடு அதே இடத்தில் வந்து நின்று, நேற்று பேசியதை எல்லாம் பிரித்துவிடலாம், நீ குடத்தை வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பி, இந்தத் தடவை நான் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன் என்றார். எதிர்வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு எங்கே சண்டை போடுவது?

ஆனால் எல்லாரும் எப்போதும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. என் மனைவி தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய புடவைக்கு இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கீழ்க் கரையில் பால்ஸ் தைத்து மடித்து வைத்திருந்தாள். நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் இவர் வந்திருக்கிறார். என் அம்மா உள்ளே படுத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் புடவை மடித்தபடி இருக்கிறது, தைத்தது மட்டும் இல்லை. பிரித்த நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றிப் புடவை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் சாம்பல் தடம். போய்க் கேட்டதற்கு, "கோணலா இருந்திச்சி" என்றார், அவ்வளவுதான். என் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. எனக்கும் அன்றிலிருந்து அவர் முன்னால் ஒரு பொருளை வைக்கவே கொஞ்சம் பயம்.

அவருக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் கல்யாணம் ஆகி, ஒரு வருடத்துக்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாராம். அப்போது நான் சின்னப் பையன். அவர் அதை மறைத்ததில்லை. யாராவது கேட்டால், சரியாகப் பிடிக்கவில்லை, பிரித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பார். பிறகு யார் வீட்டிலோ பாவு பிணைக்க எழுந்து போய்விடுவார்.

இனி கப்பலுக்கு வருகிறேன்.

என் மகள் பவித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டும். இவள் எழுந்து நின்று, எங்கள் நைனா கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்தவர், நாங்கள் மரத்தில் கப்பல் செய்வோம், அது தண்ணீரில் மிதக்கும் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். "பாப்பா செப்பிந்தி" என்று, குழந்தை சொன்னாள் என்று, அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும்.

நான் கப்பல் கட்டியவன் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு மரக் கிடங்கில் சுமை தூக்கினேன். பவித்ரா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். துறைமுகத்தில் வேலை செய்தேன், கப்பலுக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டேன். நான் எதையும் முழுதாகப் பேசுகிறவன் இல்லை. விட்ட இடத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொல்லித் திருத்தியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தோம். அக்கா தறிக்குப் பின்னால் உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தார். பவித்ரா கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கி வந்த கப்பல் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ கப்பல் செஞ்சிகிறியா தம்பி?"

மகள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"செரி. அப்ப மூணு பேருக்கும் புதுசு" என்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரே சேர்ந்துகொண்டார்.

பங்காருபாளையத்திலிருந்து என் மச்சான் அனுப்பிய மாம்பழப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. பின் தெரு ஆசாரி அதை மெல்லிய பட்டைகளாக அறுத்துக் கொடுத்தார். அடியில் நீளமாக ஒரு முதுகெலும்புக் கட்டை, அதன் மேல் விலா எலும்பு மாதிரி ஏழு துண்டுகள். இந்த எலும்புக்கூட்டின் மேல் இரண்டு பக்கமும் பட்டைகளை வளைத்து ஒட்டினால் கப்பல். பட்டை சும்மா வளையாது, ஒடிந்துபோகும். ஆவியில் வேகவைக்க வேண்டும் என்று பவித்ரா காகிதத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள். அக்கா நேராகச் சமையலறைக்குப் போய் இட்லிக் குண்டானை எடுத்து வந்துவிட்டார். வீடு முழுவதும் மாம்பழ வாசனை. அதன் பிறகு ஒரு வாரம் இட்லியிலும் அந்த வாசனை வந்தது. என் மனைவி, கப்பலைத் துன்னுங்கடா என்று சொல்லித்தான் தட்டை வைத்தாள்.

சாயங்காலம் தறியை நிறுத்திய பிறகு மூவரும் கூடத்தில் உட்காருவோம். நான் பட்டையை வளைத்துப் பிடிப்பேன். பவித்ரா தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசையைத் தடவுவாள். அக்கா தன் இடது மணிக்கட்டில் எப்போதும் சுற்றியிருக்கும் நூலை அவிழ்த்து, பசை காயும் வரை பட்டையை விலாவோடு கட்டிவைப்பார். அவர் கட்டினால் மரம் அசையாது.

எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்ற கேள்வியே எழவில்லை. அக்கா வலது பக்கம் என்றார். அடியில் முதல் பட்டை, அதை ஒட்டி இரண்டாவது, அதை ஒட்டி மூன்றாவது. ஒன்றையும் தாண்டாமல், வரிசை விடாமல் மேல் விளிம்பு வரை எட்டுப் பட்டை. அது முடிந்த பிறகுதான் இடது பக்கம். நாற்பது வருடமாக அவர் கை அப்படித்தான் போய் வந்திருக்கிறது. ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரத்துக்கு. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தறிக்காரன் வேறு எப்படி யோசிப்பான்?

வலது பக்கம் முடிந்த அன்று பவித்ரா அதைத் தொட்டுக்கொண்டே சாப்பிட்டாள். அவ்வளவு அழகாக வந்திருந்தது. எட்டுப் பட்டைக்கும் நடுவில் நகம் நுழையாது.

கண்காட்சி திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தில் கரண்ட் நிறுத்தும் நாள். தறி ஓடாது. காலையில் கப்பலை எடுத்து வெளிச்சத்தில் தரையில் வைத்தேன். முதுகெலும்பு நேராக இல்லை. எட்டுப் பட்டையும் காய்ந்து ஒரே பக்கமாக இழுத்ததில் கட்டை வாழைக்காய் மாதிரி வலது பக்கம் வளைந்திருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தேன். கண்ணை ஒரு பக்கம் மூடிக்கொண்டு பார்த்தேன். வளைவுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள்தான் இருக்கிறது. மிதந்தால் போதும், கொஞ்சம் கோணலாக மிதந்தால் என்ன என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. வரிசை சொன்னது அவர். அவரிடம் போய் உங்கள் வரிசை தப்பு என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. அன்று மூவரும் சேர்ந்து இடது பக்கம் மூன்று பட்டை ஒட்டினோம். ஒவ்வொன்றையும் நான் பலத்தைக் காட்டி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இது மட்டும் ஏன் நைனா அடம் பிடிக்கிறது என்று பவித்ரா கேட்டாள். மரம் காய்ந்துவிட்டது என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். கப்பலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மணிக்கட்டு நூலை அவிழ்த்து, ஒரு நுனியைக் கப்பலின் மூக்கில் பவித்ராவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மறு நுனியை வால் வரை இழுத்துப் பிடித்தார். பாவு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். நூல் நேராக நின்றது. நடுவில் முதுகெலும்புக் கட்டை நூலை விட்டு இரண்டு விரல் தள்ளி இருந்தது.

நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பவித்ராவும்தான்.

அவர் அதைச் சொல்லவில்லை. வலது பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் தடவினார். நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். எனக்கு வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பகலில் அவர் கதவைச் சாத்தி நாங்கள் பார்த்ததில்லை.

பவித்ரா கப்பலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நூல் போன வழியில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சிடலாம் நைனா" என்றாள்.

நாள் இல்லை என்றேன். திங்கட்கிழமை எதுவும் இல்லாமல் போய் நிற்க வேண்டியிருக்கும் என்றேன்.

"நீ கப்பல் செஞ்சவருன்னு சொல்லிகிறேன். இது மாதிரி ஒண்ண எட்த்துகினு போனா சிரிப்பாங்க. உன்ன பாத்துதான் சிரிப்பாங்க."

அவள் பயம் எல்லாம் எனக்காக. நான் எழுந்து செருப்புக்கூடப் போடாமல் மூன்றாவது வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்ட வேண்டியிருந்தது. யார் வீட்டுக் கதவையும் தட்டுவது எனக்குக் கஷ்டம். தட்டினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் வேலை எதுவும் இல்லை. விரல்களை மடித்து வைத்திருந்தார்.

"நேத்து காலைலயே பாத்தேன்க்கா" என்றேன். "வளஞ்சிகினு இருந்திச்சி. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பிரிச்சிடுவ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"எட்டுப் பட்டையும் நான் சொன்ன வரிசை தம்பி. இத்தினி வருசமா ஊரார் செஞ்சத எல்லாம் பிரிச்சிகினு இருந்தேன். என்னுத எப்பிடி பிரிக்கறதுன்னு தெரில."

நான் அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாப்பா அடுப்புல சுடுதண்ணி வெச்சிகினு கீதுக்கா. வா" என்றேன்.

உண்மையில் அவள் வைக்கவில்லை. ஆனால் நாங்கள் போகும்போது வைத்திருந்தாள். அந்த வெள்ளைப் பசை சுடுதண்ணீரில் இளகும் என்பதை அவள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள். அதே இட்லிக் குண்டானில் கப்பலைத் தலைகீழாக வைத்து, துணியை நனைத்து நனைத்துப் பட்டைகளின் மேல் போட்டோம். அக்கா கடைசியாக ஒட்டிய பட்டையிலிருந்து ஆரம்பித்தார். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் எட்டு. ஒரு பட்டைகூட ஒடியவில்லை. பிரிப்பதில் அவருக்கு இருந்த பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நிதானமாக விரலை உள்ளே விட்டு, அது தானாக விடும் வரை காத்திருப்பார். கடைசிப் பட்டை வந்ததும் முதுகெலும்பு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்வதைக் கண்ணால் பார்த்தோம். பவித்ரா மூச்சை விட்டாள்.

அதன் பிறகு வலதில் ஒன்று, இடதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினோம். இது அக்காவின் கைக்கு வரவில்லை. ஒரு பட்டை கட்டி முடித்ததும் கை தானாக அதற்கு அடுத்த இடத்துக்குப் போகும். பவித்ரா அந்தக் கையைப் பிடித்து மறுபக்கம் திருப்புவாள். "அந்தாண்ட அத்த, அந்தாண்ட" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் கையைத் தானே திட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுத்தான்.

சாயங்காலத்துக்குள் பக்கத்துக்கு ஐந்து பட்டைதான் முடிந்தது. மேலே மூன்று வரிசை திறந்தபடி இருந்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. பட்டைகளுக்கு நடுவில் கழிவு நூலை மெழுகில் தோய்த்து அடைத்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தானாகத் தோன்றிய யோசனை. போதும், இப்படியே எடுத்துப் போகலாம் என்று பவித்ரா சொன்னாள். அக்கா மறுபடி நூலைப் பிடித்துப் பார்த்தார். மூக்கிலிருந்து வால் வரை கட்டை நூலோடு ஒட்டி நின்றது. அவர் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் ஒரு நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அக்காவும் வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பவித்ரா கப்பலைத் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தாள். அது ஒரு தரம் ஆடிவிட்டு நேராக நின்றது. சாயவில்லை. அவள் ஏழு கூழாங்கல்லை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். வலதில் ஒன்று, இடதில் ஒன்று.

ஹெட்மாஸ்டர் வந்தார். மேலே திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது, நல்ல யோசனை என்றார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, கப்பல் கட்டும் இடத்தில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். சுற்றி இருபது பிள்ளைகள், அவர்கள் அப்பா அம்மாக்கள். பவித்ரா நிமிரவில்லை. கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். கேட்டுப் பக்கம் பார்த்தேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்று மணிக்கட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"லேதண்டி" என்றேன். இல்லைங்க. அதற்குப் பிறகு எப்படி வந்தது என்று தெரியவில்லை, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னேன். நான் துறைமுகத்தில் மரம் தூக்கியவன், கப்பல் கட்டியவன் இல்லை. குழந்தையிடம் நான்தான் சரியாகச் சொல்லவில்லை, தப்பு அவளுடையது அல்ல. இதுதான் நாங்கள் செய்த முதல் கப்பல். முதலில் கோணலாகப் போய்விட்டது, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினோம். அதனால்தான் மேலே முடியவில்லை. நான் வாழ்நாளில் ஒரு கூட்டத்தின் முன்னால் பேசியது அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் பவித்ராவின் தலையில் கையை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளை செய்தது ஓடும் காற்றாடி, நன்றாகவே இருந்தது.

திரும்பி வரும்போது மூவரும் நடந்தோம். கப்பல் அக்கா இடுப்பில். பவித்ரா அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"நைனா, நீ தூக்கன மரம் எங்கருந்து வந்திச்சி?"

கப்பலில் வந்தது என்றேன்.

கொஞ்ச தூரம் போய், "அப்ப கப்பல் வேல தான்" என்றாள். நான் திருத்தவில்லை. அக்கா மட்டும் கப்பலை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டே, "இது நேரா தான் கீது, விடு" என்றார். அவர் வாயிலிருந்து விடு என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

மேல் மூன்று பட்டையை அடுத்த கரண்ட் இல்லாத நாளில் ஒட்டிவிடலாம் என்றோம். அது நடக்கவே இல்லை. ஆறு பட்டைகளும் கப்பலுக்குள்ளேயே கிடக்கின்றன. கப்பல் பீரோ மேல் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் அவருக்குக் கண்ணில் சதை வளர்ந்து, இழை தெரியவில்லை என்று சித்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பவித்ரா ஒரு வருடத்துக்கு முன்னால் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் என்ஜினியரிங் படிக்கப் போனாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள் என்று சேர்ந்ததுதான். இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அவள் முகம் சரியில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி, பரீட்சைக் கவலை என்றாள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை காலை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை ஒரு நாள்கூட நான் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாப்பா, கோணிக்கினு கீதா?" என்று கேட்டேன்.

அவள் தலையாட்டினாள். என்னைப் போலவே. பிறகு மெல்லச் சொன்னாள். கம்ப்யூட்டர் அவளுக்குப் பிடிக்கவில்லை. செடிகொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டுமாம். ஒரு வருடம் போய்விட்டதே, எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தாளாம்.

மறுநாள் இருவரும் சித்தூருக்கு பஸ் ஏறினோம். ஏன் அங்கே என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். விரல்களில் சாம்பல் இல்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது. இடது மணிக்கட்டில் மட்டும் நூல் சுற்றியிருந்தது. பவித்ரா அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி பட்டை ஒட்டிகிற?"

பவித்ராவுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு செமிஸ்டர் அத்த" என்றாள்.

"அவ்ளோதான?" என்றார் அவர். "அதுக்கு சுடுதண்ணியே வேணாம்."